‘தடுக்கி விழுந்துட்டேன்’ என்று சொன்னேன்

போன மார்கழியில் ஒரு விடிகாலை மருதமலை சாலையில் வாக்கிங் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஸ்கூட்டர் இடித்து இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. 74 நாள் வேலைக்குப் போகவில்லை. இன்சூரன்ஸ் கொடுத்தது போக என் கையிலிருந்து போனது 1,42,100 ரூபாய். கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு என்பதால் ஆட்டோ காசு தவிர எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. காலை உடைத்தது ஸ்கூட்டர்தான், ஆனால் இவ்வளவு பணம் போனதற்குக் காரணம் ஆஸ்பத்திரியில் நானே சொன்ன ஒரு பொய். அதற்கு வருகிறேன்.

எனக்கு 46 வயது. வீட்டுக்காரர் மஸ்கட்டில், மகள் சென்னையில் ஹாஸ்டலில், வடவள்ளி வீட்டில் நான் மட்டும். மூன்று மாத சுகர் சராசரி 8.2 என்று வந்ததும் டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார். கோயம்புத்தூரில் நடப்பது என்றால் எல்லாரும் ரேஸ்கோர்ஸ் என்பார்கள். இரண்டரை கிலோமீட்டர் சுற்று, நல்ல நடைபாதை, மர நிழல், எல்லாம் சரிதான். வடவள்ளியில் இருப்பவள் நடப்பதற்காக பஸ் பிடித்துப் போய் நடந்துவிட்டு எட்டரைக்கு ஆபீஸில் உட்கார முடியாது. அதனால் வீட்டை விட்டு இறங்கினால் எந்த ரோடோ அந்த ரோடு. ஏழு மாதம் நடந்தேன், 8.2 என்பது 7.1 ஆனது. அந்தப் பெருமையில்தான் இருந்தேன்.

நான் ஒன்றும் தெரியாமல் ரோட்டில் இறங்கியவள் இல்லை. நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, வண்டிகள் எதிரே வரும்படி நடக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை விடாமல் செய்தேன். இடது ஓரம் போகிறவர்களைப் பார்த்து மனசுக்குள் சிரித்ததும் உண்டு. இரண்டு காதிலும் இயர்போன் மாட்டுவதில்லை, வலது காதில் மட்டும் மாட்டி, இடது காதை ரோட்டுக்கு விட்டிருந்தேன். பனிக்கு ஒரு கருநீல ஸ்வெட்டர், கருநீலப் பேன்ட். ஐந்தேகாலுக்குக் கிளம்புவேன். மார்கழி, தை மாதங்களில் இங்கே சூரியன் தெரிய ஆறரை தாண்டிவிடும். நடந்த நேரம் முழுக்க இருட்டுதான் என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. தெரு விளக்கு வெளிச்சத்தில் எனக்கு ரோடு நன்றாகத் தெரிந்தது. நான் மற்றவர்களுக்குத் தெரிகிறேனா என்பது வேறு கேள்வி என்று படவில்லை.

ரோட்டின் நடுவே தடுப்பு இருக்கிற ஒரு பகுதி. நடைபாதை என்று பெயருக்கு இருக்கும், அதில் பாதி தூரம் டிரான்ஸ்ஃபார்மரும் கடைப் பலகைகளும் உடைந்த சாக்கடை மூடிகளும்தான். அங்கே ஒரு லோடு ஆட்டோ எப்போதும் ஓரத்தை அடைத்து நிற்கும். அதைச் சுற்றிப் போக இரண்டடி ரோட்டுக்குள் இறங்க வேண்டும். அன்றும் எதிரே பார்த்தேன். ஒரு பால் வண்டி கடந்து போனது, அதன் பின்னால் காலி. இறங்கினேன். இடித்தது பின்னாலிருந்து. தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் யூ டர்ன் எடுக்க அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்று இந்தப் பக்கமே ராங் சைடில் வந்துகொண்டிருந்தது அந்த ஸ்கூட்டர். எலெக்ட்ரிக் வண்டி, சத்தமே கிடையாது. பச்சை நம்பர் பிளேட் என்பது மட்டும் ஞாபகம். நம்பர் ஞாபகம் இல்லை.

வலி உடனே வரவில்லை. காலை மடக்கப் பார்த்தபோது பாதம் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. அப்போதுதான் அலறினேன். இரண்டு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கப் போனார்கள். எதிர்ச் சாரியிலிருந்த டீக்கடைக்காரர் தடுப்பைத் தாண்டி ஓடிவந்து, “தூக்காதீங்க, தூக்காதீங்க! அம்மணி, எந்திரிக்காதீங்க” என்று சத்தம் போட்டார். கையோடு கடையிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்திருந்தார். அதை எனக்குப் பத்தடி முன்னால் ரோட்டில் வைத்து, செல்போன் டார்ச்சைப் போட்டு அதன் மேல் வைத்தார். அந்த இருட்டில் கீழே கிடந்த என் மேல் அடுத்த வண்டி ஏறாமல் போனது அந்த நாற்காலியால்தான். யாராவது ரோட்டில் விழுந்து கிடந்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதான் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பின்னால் வரும் வண்டிகளுக்கு ஏதாவது அடையாளம் வையுங்கள், அப்புறம் ஆளைக் கவனியுங்கள். மூச்சும் பேச்சும் இருக்கிறவரை காலைப் பிடித்து இழுக்காதீர்கள்.

என் போனை எடுத்து யாருக்குச் சொல்வது என்று கேட்டார்கள். பூட்டியிருந்தது. எனக்குக் கை நடுங்கி எண்ணைப் போட முடியவில்லை. டீக்கடைக்காரரே என் கட்டைவிரலைப் பிடித்து போனில் வைத்துத் திறந்தார். நான் நினைவில்லாமல் கிடந்து, போன் தெறித்து உடைந்தும் போயிருந்தால் நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பையில் ஒரு சீட்டுகூட இல்லை, வீட்டுச் சாவி மட்டும்தான். இப்போது போனின் பூட்டுத் திரையிலேயே அவசர எண் தெரியும்படி வைத்திருக்கிறேன். பழைய பஸ் பாஸ் உறையில் பெயர், ரத்த வகை, சுகர் மாத்திரையின் பெயர், தம்பியின் எண், பக்கத்து வீட்டு அக்காவின் எண் எல்லாம் எழுதிப் பேன்ட் பையில் போட்டிருக்கிறேன். மஸ்கட் எண்ணை மட்டும் வைத்திருந்தால் அந்த நேரத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வரக்கூடிய தூரத்தில் இருப்பவர் எண் வேண்டும்.

டீக்கடைக்காரர் 108ஐக் கூப்பிடப் போனார். நான்தான் வேண்டாம் என்றேன். காலுக்குப் போய் ஆம்புலன்ஸா என்று கூச்சம். ஒரு ஆட்டோவில் ஏற்றினார்கள். உடைந்த காலை அந்த இடத்துக்குள் மடக்கி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் உயிர் வந்தது. 108 வந்திருந்தால் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, நீட்டிப் படுக்க வைத்து, ஒரு பைசா வாங்காமல் கொண்டுபோயிருப்பார்கள்.

ஆட்டோவில் கூட வந்தது ஸ்கூட்டரை ஓட்டிவந்த பையன். இருபது வயதுகூட இருக்காது. வழியெல்லாம் அழுதான். “அக்கா, லைசென்ஸ் இல்லைங்கக்கா. வண்டி மொதலாளியோடது. போலீஸுக்குப் போனா வேலை போயிருங்கக்கா. செலவை நான் பாத்துக்கறேன்.” என் மகள் வயதுதான் அவனுக்கும். பாவமாக இருந்தது. நானும் பின்னால் பார்க்காமல் இறங்கியவள்தானே என்ற உறுத்தல் வேறு. தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டபோது அவன் என் தலைமாட்டில் நின்றான். “நின்னுட்டிருந்த வண்டியில தடுக்கி விழுந்துட்டேன்” என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அம்மாவுக்குப் போன் போட்டபோது முதலில் கேட்டது, “கண்ணு, தாலிக்கொடி இருக்குதா?” என்றுதான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. விடிகாலையில் தனியாக நடக்கிற பெண்ணுக்கு நடப்பதென்றால் அது செயின் பறிப்பாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. அந்தப் பயமும் நியாயம்தான், இப்போது கழுத்தில் மஞ்சள் கயிறோடுதான் போகிறேன். ஆனால் செயினுக்குப் பயந்த அளவில் பாதியாவது வண்டிக்குப் பயந்திருக்கலாம்.

ஆபரேஷன் செய்து உள்ளே ராடு வைத்தார்கள். மொத்த பில் 1,86,400. ஆபீஸ் இன்சூரன்ஸில் 1,20,000 வந்தது. பாலிசியில் சொன்ன வாடகையைவிடக் கூடுதலான அறையை எடுத்ததால் அந்த விகிதத்துக்கு மற்ற பல செலவுகளையும் வெட்டிவிட்டார்கள், கையுறைக்கும் பஞ்சுக்கும் தரவே இல்லை. என் பங்கு 66,400. பிசியோதெரபி ஒரு தடவைக்கு 500 வீதம் 27 நாள், 13,500. வாக்கரும் கழிப்பறை நாற்காலியும் 3,200. சமையலுக்கும் துணி துவைக்கவும் வைத்த வேலையாளுக்கு மாதம் 6,000, மூன்று மாதம். இருந்த லீவெல்லாம் தீர்ந்து சம்பளம் பிடித்தது 41,000. பாங்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதமர் பெயரில் உள்ள விபத்துக் காப்பீடு, அதை நம்பிக் கேட்டேன். அது உயிர் போனாலோ நிரந்தரமாக ஊனமானாலோதான். எலும்பு முறிவுக்குக் கிடையாது.

நான்காம் நாள் பையனின் போன் சுவிட்ச் ஆஃப். அதற்கப்புறம் அந்த எண் உயிர் பெறவே இல்லை. அவசரத்தில் நான் வாங்கிய ஒரே தகவல் அந்த எண்தான். வண்டியை ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். டீக்கடையில் யாரையாவது எடுக்கச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது வாரம் தம்பி ஸ்டேஷனுக்குப் போனான். ரைட்டர் கேட்ட முதல் கேள்வி, ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். போட்டார்களா என்பது. விபத்து என்று யாராவது வந்தால் ஆஸ்பத்திரியில் எழுதும் பதிவேடு அது. எப்போது, எங்கே, எந்த வண்டியால், யார் கூட்டிவந்தார்கள் என்று அதில் எழுதி போலீஸுக்குத் தகவல் அனுப்புவார்கள். “உங்க அக்காவே தடுக்கி விழுந்ததாச் சொல்லியிருக்காங்களே தம்பி” என்றாராம். அவர்மேல் கோபப்பட முடியுமா?

தெரிந்த வக்கீல் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அதைக் கேட்கக் கேட்க வயிறெரிந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்குப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆரம்பித்தபோதே ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. நான் போன ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்ததா என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தடுக்கி விழுந்தவளுக்குக் கிடைத்திருக்காது. அடுத்து, இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை என்பதற்காக மட்டும் அடிபட்டவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்றார். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து சட்டம். வண்டி எதுவென்றே கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் இடித்துவிட்டு ஓடிய வண்டிகளுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. எலும்பு முறிவும் கொடுங்காயம்தான். எல்லாவற்றுக்கும் அடிப்படை எஃப்.ஐ.ஆரும் ஆஸ்பத்திரிப் பதிவும். தாமதமாகப் புகார் கொடுத்து, டீக்கடைக்காரரைச் சாட்சியாக வைத்துப் போராடலாம், முடியவே முடியாது என்றில்லை என்றார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகவே பத்து நிமிஷம் ஆன காலம் அது. எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

பையனைக் காட்டிக் கொடுக்க மனமில்லாதவர்கள் இருப்பீர்கள், நானும் அப்படித்தான். ஆனால் நடந்ததை ஆஸ்பத்திரியில் சொல்வது யாரையும் ஜெயிலுக்கு அனுப்புவது ஆகாது. சமாதானமாகப் போவதென்றாலும் பதிவு இருந்த பிறகு போகலாம். டீக்கடைக்காரரும் “கேஸுல என் பேரு வேண்டாம் அம்மணி” என்று தயங்கினார். உதவி செய்தவர் பெயரையோ முகவரியையோ கொடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 2020இலேயே விதி போட்டுவிட்டார்கள். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

படுக்கையில் கிடந்தபோது தைப்பூசம் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். போய்வந்து பஞ்சாமிர்தத்தோடு ஒரு ஒளிரும் பட்டையையும் கொடுத்தார். ராத்திரி நடக்கிற பக்தர்களின் பையில் போலீஸ்காரர்கள் ஒட்டிவிடுகிற அதே மாதிரி ஸ்டிக்கர். “இதை ஒட்டிக்காம நாங்க ராத்திரி ரோட்டுல எறங்கறதில்ல கண்ணு. முருகன் காப்பாத்துவான், அதுக்கு லாரிக்காரனுக்கு நாம தெரியணுமில்ல” என்றார்.

கால் ஊன ஆரம்பித்ததும் ஒரு ராத்திரி தம்பியை பைக்கோடு வரச் சொல்லி, தெரு விளக்கு எரியாத எங்கள் பின் தெருவில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். தெரு முனையில் நான் நின்றுகொண்டேன். அவன் லோ பீமில் மெதுவாக ஓட்டிவந்து, நான் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து என் வரைக்கும் எட்டு வைத்து நடந்து, எத்தனை காலடி என்று எண்ணினான். அதே கருநீல ஸ்வெட்டரில் 28 எட்டு. வெள்ளைச் சட்டையில் 60 எட்டு. ஒளிரும் பட்டையை இரண்டு கணுக்காலிலும் சுற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்தபோது, அவன் தெருவுக்குள் திரும்பியதுமே நிறுத்திவிட்டான். “ரெண்டு மின்மினி குதிக்கிற மாதிரி இருக்குதுக்கா” என்றான். லோ பீம் வெளிச்சம் தரையை ஒட்டி விழுவதால் கணுக்காலில் முதலில் படுகிறது. அது மேலும் கீழும் ஆடுவதால் மனுஷக் கால் என்று உடனே தெரிகிறது. 28 எட்டு என்றால் சுமார் 20 மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு 14 மீட்டர் ஓடும். ஓட்டுகிறவர் பார்த்து, மூளையில் பட்டு, கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த 20 மீட்டர் முடிந்துவிடும். ஹை பீம் போட்ட வண்டி எதிரே வந்தால் அவர் கண்ணும் கூசும், இந்த 28 எட்டும் மிஞ்சாது.

ஒரு காது இயர்போன் விஷயமும் அப்படித்தான். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதும் சேர்ந்துதான் சொல்லும். ஒரு காதை அடைத்தால் சத்தம் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. எலெக்ட்ரிக் வண்டிக்கு அந்தச் சத்தமும் இல்லை. இயர்போனை இப்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

வலது ஓரம் நடப்பதை நான் விடவில்லை. ஆனால் எதிரே வருவது மட்டும் போக்குவரத்து இல்லை என்று கால் போய்த் தெரிந்துகொண்டேன். நடைபாதையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும், நிற்கிற வண்டியைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் நின்று, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறேன். இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. சந்திலிருந்து இடது பக்கம் திரும்பி மெயின் ரோட்டில் ஏற வருகிற கார்க்காரர் வலது பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பார், வண்டிகள் அங்கிருந்துதானே வரும். நாம் போவதோ அவருக்கு இடது பக்கத்திலிருந்து. பெட்ரோல் பங்க் வாசல், அபார்ட்மென்ட் கேட் எல்லாம் இதே கதை. அவர் முகம் நம் பக்கம் திரும்பி நம் கண்ணைப் பார்க்கிறவரை குறுக்கே போவதில்லை. அவசரம் என்றால் காரின் பின்பக்கமாகச் சுற்றிப் போய்விடுவேன். அடிவாரத்தை நெருங்கி ரோடு வளையும் இடங்களில், வளைவின் உள்பக்க ஓரமாக நடந்தால் எதிரே வருகிறவருக்கு நாம் கடைசி நொடி வரை தெரியமாட்டோம். அங்கே மட்டும் முன்னாலேயே ரோட்டைக் கடந்து வெளிப்பக்க ஓரத்துக்குப் போய்விட வேண்டும். கிளம்பும் நேரத்தையும் ஆறரைக்கு மாற்றி, ஆபீஸில் கேட்டு ஒன்பதுக்குப் போகிறேன். இதற்கு நான் இவ்வளவு நாள் ஏன் வெட்கப்பட்டேன் என்று தெரியவில்லை, கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள்.

திரும்ப நடக்க இறங்கிய முதல் நாள் பின்னால் ஒரு ஹாரன் கேட்டதும் ஒரு காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வேர்த்துக் கொட்டியது. முந்நூறு அடிகூடப் போகாமல் வீட்டுக்கு வந்து அழுதேன். சுகர் மறுபடி 7.9 ஆகியிருந்தது, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் அவமானமாக இருந்தது. இரண்டு வாரம் பக்கத்து வீட்டு அக்கா கூட வந்தார். பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு பேரும் ஜோடியாக நடக்க ஆரம்பிப்போம், வண்டி தெரிந்ததும் அவர் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் தள்ளுவார். இப்போது தனியாகப் போகிறேன்.

அந்த லோடு ஆட்டோ இன்னமும் அதே இடத்தில்தான் நிற்கிறது. தினமும் அதன் பின்னால் நின்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். ஒரு நாள் டிரைவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “ஏனுங்க்கா, டெய்லி வண்டியைப் பாத்துட்டு நிக்கறீங்க, எடுத்து ஓரமா போடட்டுங்களா?” என்று கேட்டார். எடுங்க தம்பி, புண்ணியமாப் போகும் என்றேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அங்கேயேதான் நின்றது.